ஆம்பூரில் நான் பட்டா கேட்ட கதை

என் மனைவி மங்களம் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது என்று பட்டணத்து டாக்டர் உத்தரவு போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு இழுப்பு. சிரித்தால் இருமல் வரும், இருமினால் மூச்சு முட்டும், அப்புறம் வெந்நீரும் விசிறியுமாக நான் உட்கார வேண்டும். இந்த உத்தரவு அவளைவிட என்னைத்தான் அதிகம் வதைத்தது. ஆபீசில் எனக்கு வேடிக்கைப் பேர்வழி என்று பெயர். வீட்டுக்குள் நுழைந்தால் பஞ்சாங்கம் படிக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தப்பித் தவறி ஒன்று வாயில் வந்துவிட்டால், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே கெஞ்சுவாள்.

"கூவத்துக் கரையை விட்டுக் கிளம்புங்கள். உலர்ந்த காற்று உள்ள ஊராகப் பாருங்கள்" என்றும் அதே டாக்டர் சொன்னார். அதனால்தான் போன வருஷம் தை மாதம் ஆம்பூருக்கு நிலம் பார்க்கக் கிளம்பினோம். ஏன் ஆம்பூர் என்றால், ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் அந்தப் பக்கத்து ஆசாமி. "இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் மலை, நடுவில் பாலாறு" என்று கையை விரித்து விரித்துச் சொன்னார். நடுவில் இன்னொன்றும் இருப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பட்டணத்திலிருந்து ஆம்பூர் நூற்றுப் பன்னிரண்டு மைல் சொச்சம். மூன்றாம் வகுப்பே போதும். ஆனால் காலை வண்டியில் போங்கள். காட்பாடியில் பலகாரத்தை முடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் பிடித்துவிட வேண்டும். அதற்கு மேல்தான் மலைகள் வண்டியோடு கூடவே வர ஆரம்பிக்கின்றன. பாலாற்றில் தண்ணீர் சேலைக் கரை மாதிரி ஓரமாக ஒரு கோடு ஓடிற்று, மற்றதெல்லாம் மணல். பலகாரம் தின்ற மயக்கத்தில் தூங்கிவிட்டால் ஜோலார்பேட்டையில்தான் விழிப்பீர்கள். அங்கிருந்து திரும்பி வரச் சுமார் இருபது மைல். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

ஒருவழியாக ஆம்பூரில் இறங்கினதும் அந்த 'இன்னொன்று' எங்களை வரவேற்றது. தோல் பதனிடுகிற மண்டிகளின் வாசனை. சுண்ணாம்பு, ஊறல், பச்சைத் தோல் எல்லாம் சேர்ந்து வந்து நம் மூக்குக்குள் குடித்தனம் வைத்துவிடும். நான் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஜட்கா ஓட்டுகிற கவுஸ் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், மூக்கப் பொத்திக்கினீங்க? ஆம்பூர்ல மூக்கப் பொத்தினா வாசன போவாது, மரியாததான் போவும்."

"எப்பவும் இப்படித்தானா பாய்?"

"மலக் காத்து வந்தா கம்மி. ஆத்துக் காத்து வந்தா ஜாஸ்தி. வாசனையே வரலன்னா மண்டி மூடிட்டாங்கன்னு அர்த்தம். அப்போ என் குதிரைக்குக் கொள்ளு யாரு போடுவா, நீங்களா?"

மங்களத்தின் தோள் குலுங்கிற்று. முந்தானை வாய்க்குப் போயிற்று. நல்ல வேளை, குதிரை கிளம்பியது. வாடகை எட்டணா கேட்டார், ஆறணாவுக்கு ஒத்துக்கொண்டார். இறங்கும்போது நானே எட்டணா கொடுத்தேன். மரியாதையை மீட்க வேண்டாமா?

மலையடிவாரம் மூன்று மைல். ஊரைத் தாண்டினதும் வாசனை பின்தங்கிவிட்டது. கடைசித் திருப்பத்தில் வண்டி திரும்பிற்று. சரிவு முழுக்க மஞ்சள்! ஆவாரஞ்செடிகள், ஒரு இலை தெரியாமல் பூத்துக் கிடந்தன. அதுதான் விலைக்கு வந்த நிலம். மங்களம் என்னை முந்திக்கொண்டு ஏறினாள். பட்டணத்தில் மாடிப்படி ஏற இரண்டு இடத்தில் நிற்கிறவள், மேலே போய் நின்று, "சீக்கிரம் வாங்களேன்" என்றாள். மூச்சு வாங்கினது எனக்குத்தான். வாங்கினால் இந்த இடம்தான் என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன்.

நிலத்துக்காரர் முனுசாமி, என் வயதுக்காரர். கீழே இருக்கும் தம் கிணற்றடி நிலத்தை ஒட்டி இன்னொரு துண்டு வாங்குவதற்காக இதை விற்கிறார். மோர் கொடுத்து உட்கார வைத்தார். விவரமான ஆள் என்று அவர் நினைக்கட்டும் என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

"அதா? மண்டி சாயபுக்குக் குடுத்துட்டேங்க."

"பட்டாவையா? எப்போ?"

"போன மாசம் பேசி முடிச்சதுங்க. வருஷா வருஷம் அவருக்குத்தான் குடுக்கிறது."

"வருஷா வருஷமா? எனக்கு விற்கிறேன் என்று சொல்லிவிட்டு?"

"நெலம் ஒங்களுக்குத்தாங்க ஐயா. இந்த வாட்டி மட்டும் அத அவர் எடுத்துக்குவாரு. வெட்டி, உரிச்சி, காய வெச்சி, கட்டுக் கட்டாக் கட்டி வண்டியில ஏத்திடுவாரு. நல்லா தடியா இருக்குதுங்க, நாலு வண்டி தேறும்!"

நில விவகாரத்தில் எத்தனையோ மோசடி கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் பட்டாவை உரித்துக் காயப்போட்டு நாலு வண்டியில் ஏற்றுகிற மோசடி எனக்குப் புதிது. "ஐயா, ஒரே ஒரு பட்டாதானே இருக்கும்? நாலு வண்டி எப்படி?" என்று கத்திவிட்டேன்.

முனுசாமி பக்கத்துச் செடியை ஒடித்து, தோலை உரித்து என் கையில் வைத்தார். "ஒண்ணா? எத்தினி செடி நிக்குது பாருங்க!"

தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் மூலப்பொருளாம். அந்தப் பக்கத்தில் பட்டை என்பதைப் 'பட்ட' என்றுதான் வாயில் விடுகிறார்கள். என் பட்டா அவர் காதில் பட்டையாக விழுந்திருக்கிறது. அவர் பட்டைக்கு நான் கையெழுத்தும் முத்திரையும் தேடிக்கொண்டிருந்தேன்.

மங்களம் சிரித்தாள். முந்தானையைத் தேடக்கூட நேரம் இல்லாமல், தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமாகச் சிரித்தாள். நான் ஓடிப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டேன். இதோ இருமல் வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "காய... வெச்சி... கட்டுக் கட்டா" என்று திணறினாள். அது மூச்சுத் திணறல் இல்லை, வெறும் சிரிப்பு. நாலு வருஷம் கழித்துக் கேட்கிறேன். முனுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் மோர் தரட்டுங்களா?" என்றார்.

அங்கேயே முன்பணம் கொடுக்க ஜேபியில் கை விட்டேன். முனுசாமி தடுத்துவிட்டார். "வேணாங்க. வெட்டினப்புறம் ஒரு வாட்டி வந்து பாருங்க. பூவப் பாத்து ஏமாந்தேன்னு நாளைக்கு என்னத் திட்டக் கூடாது." விற்கிறவரே இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

பங்குனியில் மறுபடி போனோம். சரிவு மொட்டையாக, சரளைக் கல்லும் அடிக்கட்டையுமாகக் கிடந்தது. போதாக்குறைக்கு ஆற்றுக் காற்று. மண்டி வாசனை மூன்று மைல் நடந்தே வந்து சேர்ந்தது. நான் பயந்துகொண்டே மங்களத்தின் முகத்தைப் பார்த்தேன்.

"இது மூக்கைத்தானே பிடிக்குது," என்றாள். "கூவம் மூச்சையே பிடிச்சுதே. வாங்கிடுங்க."

வாங்கிவிட்டோம். விலையைச் சொல்ல மாட்டேன். என் மைத்துனர் இந்தப் பத்திரிகை படிக்கிறவர்.

நீங்களும் அந்தப் பக்கம் இடம் பார்க்கப் போவதானால், ஒன்றுக்கு இரண்டு தடவை போங்கள். பூவில் ஒரு தடவை, வெட்டின பிறகு ஒரு தடவை. கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். மண்டிகளுக்குக் கிட்டே உப்புக் கரிக்கும். மூக்கைப் பொத்தாதீர்கள். பட்டாவைப் பற்றி வாயால் கேட்காமல் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆவாரை வெட்ட வெட்டத் தழைக்கிற ஜாதி. இந்தத் தையில் மறுபடியும் மஞ்சள். பட்டா இப்போது என் பெயரில் இருக்கிறது, பட்டை வழக்கம்போல மண்டிக்குப் போகிறது. பட்டணத்திலிருந்து யார் வந்தாலும் மங்களம் இந்தக் கதையை, என் மானத்தைத் துளியும் மிச்சம் வைக்காமல், சொல்கிறாள். 'காய வெச்சி' என்கிற இடத்தைத் தாண்ட அவளால் முடிவதே இல்லை. அவள் சிரிக்க ஆரம்பித்ததும் நான் பழக்க தோஷத்தில் எழுந்து போய் அடுப்பில் வெந்நீர் வைத்துவிடுகிறேன். வந்தவர்களுக்குக் காப்பி போட அது சரியாக இருக்கிறது.