பொம்மையைப் படுக்கவைத்த நாள்

என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். ஒன்றாம் வகுப்பு, முப்பத்திரண்டு வாண்டுகள், அப்படியும் கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வகுப்பு மிஸ் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாள். எனக்குக் கண்ணை உருட்டினால் போதும். அடக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

நவராத்திரிக்குக் குழந்தைகளையே கொலுவாக உட்காரவைக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. அந்த மாதம் பாடத்தில் மழைக்காலமும் பண்டிகைகளும் சேர்ந்து வரும். காலி பாட்டிலை வாசலில் வைத்து மழையை அளந்தோம், காகிதக் கப்பல் விட்டோம். விடுமுறைக்கு முந்தின நாள் கொலு. மேசைகளையும் பெஞ்சுகளையும் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டிகளைப் போர்த்தித் தரை வரை தொங்கவிட்டு, ஐந்து படி கட்டினோம். செட்டியார், செட்டிச்சி, போலீஸ்காரர், கிருஷ்ணர் என்று ஆளுக்கொரு வேஷம். வகுப்பிலேயே சிறியவளுக்கு மரப்பாச்சி. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அவள் அம்மாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் வேலை. லீவு கிடைக்காது என்று பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் ஒத்திகை நடத்தினேன். "பொம்மை பேசுமா?" "பேசாது மிஸ்." "அசையுமா?" "அசையாது மிஸ்." "அம்மா வந்து கூப்பிட்டா?" "திரும்ப மாட்டோம் மிஸ்." மூக்கைச் சொறிந்த செட்டியாருக்கு நான் விட்ட டோஸில் பக்கத்திலிருந்த கிருஷ்ணர் அழுதுவிட்டார்.

வீட்டில் விஜயதசமி அன்று இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துத்தானே கொலுவை முடிப்போம்? பள்ளிக்கூடம் அன்றைக்கு இருக்காது என்பதால் அதையும் கொலு வைத்த நாளே செய்துவிட நினைத்தேன். மற்றவர்கள் இறங்கியதும் மரப்பாச்சி பாயில் படுக்க வேண்டும். நான் வந்து தோளைத் தொட்டால்தான் எழுந்திருக்க வேண்டும். அத்துடன் கைதட்டல், சுண்டல், வீட்டுக்கு.

அவள் படுத்தாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது! ஐந்தே நிமிடத்தில் வாசல்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. பாய் நனையப்போகிறதே என்று அவளோடு சேர்த்து அதைக் கீழ்ப்படிக்கு உள்ளே, வேட்டிக்குப் பின்னால், தரை கொஞ்சம் மேடாக இருந்த பக்கம் தள்ளினேன். "அசையாதே, தோ வரேன்" என்றேன். கரண்ட் போனது. இடி விழுந்த சத்தத்தில் மற்ற முப்பத்தொரு குழந்தைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டன. வராந்தாவில் நின்று கொலு பார்த்துக்கொண்டிருந்த பெற்றவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். பிள்ளைகளை மாடிப்படிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஒப்படைத்தேன். அத்தனை கூச்சலில் அவளை மறந்தே போனேன்.

கூட்டம் கரைந்த பிறகு ஆட்டோக்காரர் வந்தார். அடையாறு பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றிப்போகிறவர்.

"இன்னா மிஸ், அஞ்சு பேருதான் கீறாங்க. நம்ம சின்னப் பாப்பா எங்க?"

"அவங்க அம்மா வந்திருப்பாங்க."

"அம்மா வேலைல கீறாங்க மிஸ். இப்பதான் போன் பண்ணி, பத்திரமா இட்டாந்துடு நைனான்னு சொன்னாங்க."

வகுப்புக்கு ஓடினேன். செல்போன் வெளிச்சத்தை அடித்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வெறும் படிகள், வெள்ளை வேட்டி, மிதக்கிற சுண்டல் தொன்னைகள். பதில் இல்லை. பாத்ரூமில் இல்லை. மாடியில் இல்லை. என் மூளை அப்போது எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பயத்தில் கண் எதிரே இருப்பதுகூடத் தெரியாது போலிருக்கிறது.

கேட்டுக்கு வெளியே மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப்போட்ட பள்ளம். சுற்றி வைத்திருந்த தகரத் தடுப்பு சாய்ந்து கிடந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எது ரோடு, எது பள்ளம் என்றே தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன ரோஸ் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

கொலு என்பதால் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள். தண்ணீர் எல்லாவற்றையும்தான் அடித்துக்கொண்டு போயிருக்கும். அது அப்போது யாருக்குத் தோன்றியது? "ஐயோ" என்று மட்டும்தான் வாயில் வந்தது. ஆட்டோக்காரர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சவுக்குக் கம்பால் தடவித் தடவிப் பள்ளத்துக்குள் இறங்கினார். மார்பு வரை தண்ணீர். அவர் ஒவ்வொரு முறை குனியும்போதும் என் உயிர் போய்ப் போய் வந்தது. கடவுளே, அவர் கையில் எதுவும் தட்டுப்படக் கூடாது.

போன் அடித்தது. அவள் அம்மா.

"மிஸ், ஆட்டோ அண்ணன் எடுக்க மாட்டேங்கிறாரு. பாப்பா கிளம்பிட்டாளா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "தேடிக்கிட்டிருக்கோம்மா. இங்கதான் இருப்பா" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அதை என்னால் எழுத முடியாது.

போனைக் காதில் வைத்தபடியே வகுப்புக்குத் திரும்பினேன். நான் வெளியே தேடிக்கொண்டிருந்தது தெரியாமல், பள்ளிக்கூட ஆயாம்மா துடைப்பத்தோடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"படியப் பிரிச்சிடவா மிஸ்? அதான் பொம்மயப் படுக்க வெச்சாச்சே. இனிமே பிரிச்சா தப்பில்ல."

பொம்மையைப் படுக்க வைத்தாச்சு.

போய் விழுந்து வேட்டியைத் தூக்கினேன். இருந்தாள். பாய் முழுக்க ஈரம். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி, விறைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக் கிடந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். இமை மட்டும் படபடவென்று துடித்தது. செத்தே போனேன் என்று நினைத்த அந்த நொடியில்தான் புரிந்தது, நான் இன்னும் அவளைத் தொடவில்லை.

தோளைத் தொட்டேன். டக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் நடுக்கம்.

"மிஸ், நான் அசையவே இல்ல."

"நான் கூப்பிட்டது கேக்கலையாடி கண்ணு?"

"கேட்டுச்சு. நெறைய வாட்டி கூப்பிட்டீங்க. தொடவே இல்லியே மிஸ்." பிறகு பாவாடையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது மழைத் தண்ணி இல்ல மிஸ். திட்டாதீங்க."

அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, "கெடைச்சுட்டாம்மா" என்று போனில் சொன்னேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் செய்த தப்பு, நான் மறந்தது, எல்லாம். திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று காத்திருந்தேன். அவள் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"நீங்க சொன்னா அப்படியே கேப்பா மிஸ். வீட்ல சோறு சாப்பிடலன்னாகூட, மிஸ்கிட்ட சொல்லிடுவேன்னுதான் சொல்லுவேன். உடனே வாயத் தொறந்துடுவா."

ஆட்டோக்காரர் சேறு சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று அவளைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவரிடம் போவதற்காக என் மடியிலிருந்து இறங்க நினைத்தவள், இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "போகலாமா மிஸ்?" என்று கேட்டாள்.