பெரியப்பா மடியில் கூஜா

“நாலெழுத்துப் படிச்சுப்போட்டா டாக்டருக்கே சொல்லிக் குடுப்பயா அம்மிணி? பேசாம உக்காரு!” என்றார் பெரியப்பா. அப்போது தண்ணீர்க் கூஜா அவர் மடியில் இருந்தது. கட்டிலில் என் அப்பா நாக்கு வறண்டு கிடந்தார்.

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொல்லிச் சில வாரம் ஆகியிருந்தது. திடீரென்று அடங்காத தாகம் பிடித்தது. குடித்ததெல்லாம் நிறமே இல்லாமல் வெளியே போனது. சர்க்கரை வியாதியா என்று பார்த்தார்கள். இல்லை.

பார்க்க வந்த சொந்தங்கள் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். பழமாவது தின்னும்படி இருந்தது. பெரியப்பா ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர். “ரத்தம் ஏற்கெனவே கெட்டுக் கெடக்குது. இத்தன தண்ணி உட்டா நீத்துப்போயிராதா?” என்று வார்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கூஜாவைக் கைப்பற்றினார். 

மத்தியானத்துக்குள் அப்பா பிதற்ற ஆரம்பித்தார். “மோட்டாரப் போடு சாமி, கடலக்காடு காயுது” என்றார் என்னிடம். ஆனால் கட்டிலடியில் வைத்த பாத்திரம் நிறைந்துகொண்டே இருந்தது. மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அது எங்கிருந்து வருகிறது, டாக்டரிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். அதற்குத்தான் ‘பேசாம உக்காரு’ என்ற அந்தப் பதில்.

நான் உட்காரவில்லை. டாக்டர் அறைக்குள் போய், “தண்ணிய நிறுத்தியும் ஒண்ணுக்குப் போறது நிக்கலீங்க” என்றேன். அவர் ஓடிவந்து முதலில் கூஜாவைப் பிடுங்கினார். சிறுநீரை அளவோடு விடச் சொல்லும் ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறதாம். புற்று அங்கேயும் போய் உட்கார்ந்திருக்க வேண்டும், இது அபூர்வம் என்றார். சோதனைகளும் அதையே சொல்லின. அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டதும் தாகம் அடங்கியது. அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

பெரியப்பாதான் அடங்கவில்லை. “நான் தண்ணிய நிறுத்துனதாலதானுங்க நோவே புடிபட்டுது” என்று எங்கள் ஊர் தாண்டி வெண்ணந்தூர் வரைக்கும் சொல்லி வந்தார். இன்னும் ஒரு பொழுது நிறுத்தியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று டாக்டர் திட்டியது மட்டும் அவர் கதையில் வரவே இல்லை.

ரத்தத்தில் இருந்த நோயை அந்த ஊசி ஒன்றும் செய்யவில்லை. அப்பா கடலை பிடுங்கும் வரை இருந்தார், தாகமில்லாமல் இருந்தார்.

துக்கம் கேட்க வந்த இடத்திலேயே பெரியப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். “பொட்டப்புள்ளைக்கு இன்னும் என்ன படிப்பு?” என்றார்.

நேற்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, விடுதியில் பெட்டியை இறக்கிவிட்டேன். கூஜாவையும் கொண்டுவந்திருக்கிறேன். மேசைமேல் நிரப்பி வைத்திருக்கிறேன்.