பச்சை மையும் பறிபோன பேனாவும்

அண்மையில் ஒரு நினைவு மலர் என் கைக்கு வந்தது. காலமான கல்வி அலுவலர் ஒருவரைப் போற்றி அவர்தம் குடும்பத்தார் அச்சிட்டது. அதில் அவருடைய கறுப்புப் பேனா ஒன்றின் படமும், அதன்கீழ்ப் பச்சை நிறத்தில் அவருடைய கையொப்பமும் உள்ளன. அவர் எழுதுகோல்களைப் பெரிதும் நேசித்தவராம். அந்தப் பேனா என்னுடையது. அவர் அதை என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். மறுப்பின்றி அப்புகழுரை நிலைத்துவிடலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆட்சி கைமாறிய சில ஆண்டுகளில், பாகூரை அடுத்த சிற்றூரொன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியனாக இருந்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் ஊதா மை தொட்டு எழுதப் பழகியவன். பேனாவும் வண்ண மைகளுமே என் ஓய்வுநேர இன்பம். மைப்பொடியை மழைநீரில் கரைத்து, துணியில் வடித்து, சிறிது கருவேலம் பிசின் சேர்ப்பேன். சன்னலோரம் ஏழு புட்டிகள் இருந்தன. அவற்றுள் பச்சையே என் பெருமிதம். ஏரிப் பாசனத்தில் நட்ட பயிர் பச்சை பிடிக்கும் நாளில் தோன்றும் நிறம் வரும்வரை, நீலத்தில் மஞ்சளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து கண்டது அது.

அதற்கென ஒரு பேனாவை ஒதுக்கினேன். அதன் முள்ளை, உடைந்த கற்பலகையின் பின்புறத்தில் பல மாதங்கள் தேய்த்தேன். கீழிறங்கும் கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் விழுந்தன. வலப்புறம் மட்டும் சற்று மிகையாகத் தேய்த்துவிட்டேன். ஆகவே மேலேறும் கோட்டில் மை பிளந்து இரட்டை இழையாக ஓடும். அக்குறையும் எனக்கு இனிதாகவே இருந்தது.

அவ்வாண்டு மாணவர் பட்டியலை அப்பேனாவால் பச்சை மையில் எழுதினேன். அலுவலகங்களில் பச்சை மை மேலதிகாரிகளுக்கே உரியது என்னும் வழக்கம் புதிய ஆட்சியோடு வந்தது. அதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. பழைய பிரெஞ்சுப் பெயரால் 'மேரி' என்றே மக்கள் அப்போதும் அழைத்த கொம்யூன் அலுவலகத்தில், பார்வையிட வந்திருந்த அவ்வலுவலரிடம் பட்டியலை நீட்டினேன்.

"இன்னாய்யா இது, பச்சையில எழுதியிருக்க? நீ கெஜட்டட் ஆபீசரா?"

"இல்ல சார். நானே கலக்கின மை. பசங்க பேரு, பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு..."

"நல்லா இருக்குன்னு என் நாற்காலில வந்து குந்திக்குவியா?"

வாயிலில் நின்ற சேவகர் சிரித்தார். "வாத்தியார் வூட்டு சன்னலப் பாக்கணும் சார். சாயப்பட்டறை தோத்துடும்."

"பேனாவ இங்க வெச்சிட்டுப் போ. நீல மையில எழுதி எடுத்துக்கினு வா, அப்புறம் பாக்கலாம்."

வைத்துவிட்டு வந்தேன். மறுநாளே முழுப்பட்டியலையும் நீல மையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேனாவைக் கேட்டேன். அவர் தலைநிமிரவில்லை.

"எந்தப் பேனா?"

வெளியே வந்ததும் சேவகர் தாழ்ந்த குரலில், "அத்த உட்டுத் தள்ளு வாத்தியாரே. வேல போவலியே, அதுவே பெருசு" என்றார்.

சில மாதங்கள் கழித்துப் பள்ளிக்கு ஓர் ஆணை வந்தது. அடியில் அவருடைய ஆங்கிலக் கையொப்பம். மை கடையில் வாங்கிய மட்டமான பச்சை. கோடு மட்டும் என் முள்ளினது. மேலேறிய ஒவ்வொரு கோட்டிலும் அந்த இரட்டை இழை ஓடியது. எனக்குக் குற்றமான மையை, என் பேனாவிலேயே நிரப்பிக்கொண்டு அவர் நாடாண்டிருக்கிறார். அந்த ஆணையைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நான் நீல மையில் ஒப்பமிட்டேன். என் சினத்தில் பாதி அந்த ஒப்பத்தின்மீதுதான். அன்று வாய்மூடிய நான், பணி முடியும்வரை பச்சை மையைத் தொடவில்லை.

மலரில் அச்சாகியுள்ள கையொப்பத்தை உருப்பெருக்கும் ஆடியால் பார்த்தேன். இழை இரண்டாகவே இருக்கிறது.

இருப்பினும் முதுமையில் கண்ணும் நினைவும் பிழைபடலாம். ஆசிரியன் பச்சை மையில் எழுதலாகாது என்றோ, எழுதினால் பேனாவைப் பறிக்கலாம் என்றோ அக்காலத்து எழுத்தாணை ஏதேனும் இருப்பின், அறிந்தோர் எனக்குக் காட்டுக. அப்பேனாவை இன்று வைத்திருப்போர் முள்ளின் வலப்புற நுனியைப் பார்க்க வேண்டுகிறேன். அது தேயாமல் இருப்பின் நான் எழுதியது தவறு, அருள்கூர்ந்து திருத்துங்கள்.