வெங்காயத் தோட்டக்காரரின் வட்டாரம்

வலிகாமத்தில் ஒரு பிரதேச சபையில் எழுதுவினைஞராக இருந்தேன். வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் முதல் தேர்தல் நடந்தபோது, எங்கள் வட்டாரத்துக்கு ஒரு வெங்காயத் தோட்டக்காரர் உறுப்பினரானார். ஏதாவது ஒழுங்கையில் தெருவிளக்கு எரியாவிட்டால் மறுநாள் காலையிலேயே தோட்டத்துச் சேற்றுக் காலோடு சபை வாசலில் வந்து நிற்பார்.

"பிள்ளை, நான் அந்த ஒழுங்கையாலைதான் சுன்னாகம் சந்தைக்குப் போறனான். சனம் என்ரை சைக்கிளை மறிச்சு விளக்கைக் கேக்குது."

பிறகு சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரும்வரை செயலாளரே எல்லாவற்றையும் நடத்தினார். நல்ல மனிதர்தான். ஆனால் அவரைக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் மேலிடத்தில் மட்டுமே இருந்தார்கள். அவர்கள் கேட்டது அறிக்கைகளை. அவற்றை நாங்கள் ஒருநாளும் பிந்தி அனுப்பியதில்லை. விளக்குகள்தான் மாதக்கணக்கில் எரியாமல் கிடந்தன.

ஒருநாள் அந்தத் தோட்டக்காரர் முறைப்பாட்டுக் கடிதத்தோடு வரிசையில் நின்றார்.

"இப்ப நீங்கள் உறுப்பினர் இல்லையே அண்ணை, ஏன் அலையிறியள்?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, அது சனத்துக்கு விளங்கேல்லை. இப்பவும் என்னைத்தான் மறிக்குது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கடிதத்தை நானே செயலாளரிடம் கொண்டுபோனேன். இரண்டு கிழமையில் விளக்குப் போட்டார்கள்.

இப்போது புதிய சபை, புதிய உறுப்பினர். நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். ஆனாலும் சபை என்றால், சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலில் நின்றே கதைத்த அந்த மனிதரைத்தான் நினைக்கிறேன்.