குமணைக்கு டிசம்பரில் போகாதீர்கள்

பறவை பார்க்கக் குமணைக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம் போனேன். முதல் தரம் டிசம்பரில், பிழையான மாதம். இரண்டாம் தரம் ஜூனில், சரியான மாதம். ஆனால் அப்போது காலம் கடந்துவிட்டது.

போகக் கேட்டது என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. அவருடைய புருஷன், என் மச்சான், மௌத்தாகிப் பதினொரு வருடம், உயிரோடிருந்தபோது ஒரு காலம் அந்தப் பக்கம் மேசன் வேலை செய்தவர். மரம் தெரியாத அளவுக்குப் பறவைகள் கூடு கட்டியிருக்கும் என்று சொல்லிச் சொல்லியே கூட்டிப்போகாமல் போய்விட்டார். ராத்தாவுக்குக் கண்ணில் பிரஷர். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது, மற்றதும் ஆறேழு மாதத்துக்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்றுதான், "அதுக்குள்ள அந்தக் கூடுகள ஒருக்காக் காட்டு" என்றார்.

நாளைத் தீர்மானித்தவர் என் மருமகன், கண்டிப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவர் சொல்லை மாமி மறுத்துக் கதைப்பதில்லை. அவருக்குக் கந்தோரில் லீவு டிசம்பரில். போனைப் பார்த்து, "இலங்கைக்கு டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் நல்ல சீசன்" என்று வாசித்தார். அது தெற்கே காலி ஊர்ப் பக்கத்துக் கணக்கு. எங்கள் கிழக்குக் கரையில் டிசம்பர் என்றால் கொட்டுகிற மாரி, வயலும் வீதியும் ஒன்றாய்க் கிடக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மழை தெரியும். தெரிந்தும் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

சுபஹு தொழுது ஐந்தேகாலுக்குக் கல்முனையில் வேன் எடுத்தோம். பொத்துவில் ஏழு மணி. பாணமை ஏழே முக்கால். அங்கிருந்து குமணையின் வாசலான உகந்தைக்குப் பதினாறு கிலோமீற்றர். முதல் கிலோமீற்றரிலேயே பாதைக்கு மேலால் தண்ணீர் ஓடியது. பாணமையில் நின்ற ஜீப்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த மழைக்குள்ள பறவ பாக்கவா உம்மா வந்தீங்க? பறவையே நனையாம எங்கயோ ஒளிச்சிக் கிடக்கு."

"ஜீப்பு போகாதா?" என்று கேட்டேன்.

"போகும். திரும்பி வாறது அல்லாட கையில. ஜூன்ல வாங்க, காட்டுறன்."

திரும்பும்போது மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி இருந்தது. "நீலம்" என்று ராத்தாதான் முதலில் கண்டார். அன்றைக்கு அவருக்குக் கண் தெரிந்தது. அதை நான் மறக்கமாட்டேன்.

ஜூனில் மருமகன் வரவில்லை. நாலே முக்காலுக்குப் புறப்பட்டு ஏழரைக்கு உகந்தை, எங்கள் வேன் மீற்றரில் நூற்று மூன்று கிலோமீற்றர். அதே ஜீப்காரர். வில்லு என்று அவர்கள் சொல்லும் சதுப்புக் குளத்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம். கண்டல் மரம் ஒவ்வொன்றிலும் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம். குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கத்துகின்றன. மீன் நாற்றம். மச்சான் சொன்னதில் பொய்யில்லை.

"எங்க?" என்றார் ராத்தா.

ஜீப்காரர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். "இப்ப நேரப் பாருங்க உம்மா. வெள்ளையா இரிக்கி."

"வெளிச்சம் இரிக்கி மனே. வேற ஒண்டும் இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் அந்த மனிசனால. டிசம்பரெண்டு சொன்னாரே" என்றேன்.

ராத்தா குஞ்சுகளின் சத்தம் வந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு கதைத்தார். "அவர் கண்டிப் புள்ள. எங்கட மாரிய அவருக்கென்ன தெரியும்? உனக்குத் தெரியும்தானே. நீ ஏன் கதைக்கல்ல?"

"மருமகனுக்கு முன்னால எப்பிடி ராத்தா..."

"சரி தங்கச்சி. உனக்கு மரியாத மிஞ்சிச்சி. எனக்கு என்ன மிஞ்சிச்சி?"



போகிறவர்களுக்கு: கூடும் குஞ்சும் பார்க்க மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை. தூர தேசத்திலிருந்து வரும் சேற்றுப் பறவைகள்தான் வேண்டுமென்றால், மாரி வடிந்தபின் பெப்ரவரி, மார்ச். டிசம்பரும் ஜனவரியும் வேண்டவே வேண்டாம். வேன் ஒரு நாளைக்கு இருபத்துநாலாயிரம் ரூபா, ஜீப் அரை நாளைக்குப் பதினாறாயிரம். நுழைவுக் கட்டணம் வேறு. எட்டரை மணிக்குள் வில்லில் நில்லுங்கள், பிறகு கச்சான் காற்று முகத்தைச் சுடும். தண்ணீரும் சாப்பாடும் பொத்துவிலிலேயே வாங்குங்கள். உங்கள் கரையின் மழையை வேறு ஊர்க்காரர் தீர்மானித்தால், அவர் யாராக இருந்தாலும், அந்த இடத்திலேயே வாயைத் திறவுங்கள்.

வருகிற ஜூனுக்கும் வேன் பேசித் தருவதாக மருமகன் சொல்கிறார். ராத்தாவின் வீடு இரண்டு வளவு தள்ளித்தான். வருகிறீர்களா என்று போய்க் கேட்க எனக்கு முகமில்லை.