கெட்டில் வயிற்றில் ஒரு சிவப்புக் கோடு

என் மனைவி பளபளக்கும் சாமான்களைப் படம் எடுப்பவள். ஸ்டீல் டம்ளர், கைக்கடிகாரம், தண்ணீர்க் குழாய், எதுவானாலும் எங்கள் வீட்டு முன்னறைக்குத்தான் வந்து சேரும். முன்பு ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "மனுஷங்களுக்கு அவங்க மூஞ்சியே புடிக்க மாட்டேங்குது. டம்ளர் ஒண்ணும் சொல்லாது" என்று அதை விட்டுவிட்டாள்.

டம்ளர் சொல்லாதுதான், ஆனால் காட்டிக்கொடுத்துவிடும். அறையில் இருப்பதெல்லாம் அதில் தெரியும். அதனால் சாமானைச் சுற்றி வெள்ளைத் துணியால் கூடாரம் கட்டி, வெளியே இருந்து விளக்குப் போடுவாள். வெளிச்சம் துணி வழியாக மெத்தென்று விழும். ஓரங்கள் எடுப்பாகத் தெரிய இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை வைப்பாள். லென்ஸுக்காக முன்னால் ஒரு திறப்பு. ஒன்பது வருஷமாக நடக்கிற இந்தக் கூத்தை நான் கவனித்ததே போன வாரம்தான். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு டம்ளரைப் பார்க்க ஏது பொறுமை!

அன்றைக்கு எனக்கு லீவு. அவளுக்கு ஒரு பாத்திரக் கம்பெனியின் கெட்டில். நாலு மணிக்குள் நல்ல படம் போனால் அவர்களுடைய ஒரு வருஷத்து வேலை இவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. காலையிலிருந்து எடுத்த படத்திலெல்லாம் கெட்டிலின் வயிற்றில் ஒரு சிவப்புக் கோடு. நான் சும்மா இருப்பேனா? காலையிலேயே வேடிக்கை பார்க்க அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றவன், அங்கிருந்தே அதிகாரம் பண்ணினேன்.

"அந்த ஜன்னல் திரைதான் தெரியுது."

கழற்றினாள். கோடு போகவில்லை.

"வாளி! அந்தச் சிவப்பு வாளியை எடு."

எடுத்தாள்.

"அப்போ துணியிலதான் கறை. ஒன்பது வருஷமா என்னதான் கத்துக்கிட்டியோ!"

வேறு துணி கட்டினாள்.

மூன்றரை மணிக்குப் பொறுக்க முடியாமல் நானே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டுக்கு இரண்டு கை இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றது. குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். நல்ல சிவப்பு. மானமே போயிற்று.

அறையை விட்டு ஓடினேன். அடுத்த படமே சுத்தமாக வந்தது. அனுப்பினாள். பத்தே நிமிஷத்தில் வேலை அவளுக்குத்தான் என்று பதில் வந்துவிட்டது.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"முதல் படத்துலயே."

"அடிப்பாவி! வேலையே போயிருக்குமே!"

"மூணே முக்காலுக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"காலையிலயே சட்டையை மாத்திட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவள் விளக்கை அணைத்தாள்.

"சொன்னா போயிருப்பீங்க. திரும்பி வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.