காந்தம் பிடிக்காத தகடு

பற்றவைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நிற்கிறார் வன்னியபெருமாள். சூடு பொறுக்கவில்லை. கையை எடுத்துக் காக்கி டவுசரில் துடைத்துக்கொள்கிறார். உட்காருவதில்லை, பீடியைத் தேடுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்க்கிறார். இப்போது பொறுக்கிறது. கண்ணாடிப் பலகையை முகத்துக்கு நேரே பிடித்து இன்னும் ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் போடுகிறார். நிறுத்துகிறார். மறுபடியும் கை.

கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறைக்கு அவசர வேலையோடு வருகிறவன் பாவம் செய்தவன். லாரிக்காரர்கள் வாட்சைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போவார்கள். "ஆசானே, ஒண்ணு வேகம் ஆகட்டே" என்று கெஞ்சினால், "அவசரம்னா வேற எடம் பாத்துக்கிடுங்க" என்பார். கோபமாகச் சொல்வதில்லை. சொல்லும்போது வந்தவரின் கையைத்தான் பார்ப்பார். யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அவரிடம் வருகிற வேலையில் பாதி, கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தகடுகள். கருங்கல்லை வாயில் போட்டு மென்று ஜல்லியாகத் துப்புகிற யந்திரத்துக்குப் பல் அதுதான். மாங்கனீஸ் உருக்கு. அந்த உருக்கைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் மட்டும் மனிதருக்கு வாய் திறக்கும். "சாதா இரும்புன்னா அடி பட்டா நசுங்கும். இது அடி வாங்க வாங்கத்தான் மேல்தோலு கெட்டிப்படும். தம்பானூர் ஸ்டேஷன்ல தண்டவாளம் பிரியற எடம் இருக்கில்லா, அங்க கெடக்கது இதுதான். மண்ணு தோண்டுற மிஷினுக்குப் பல்லும் இதுதான். ஆனா அடி விழாத எடத்துல, சும்மா மணல் உரசுற எடத்துல போட்டீங்கன்னா தண்டம். சாதா இரும்பு மாதிரித் தேஞ்சி போவும்." இத்தனை உற்சாகத்துக்குப் பிறகு குரல் இறங்கும். "சூடுதான் இதுக்கு ஆகாது. ஒரேயடியா சூடு ஏத்துனா உள்ளுக்குள்ள பிஸ்கோத்து மாதிரி ஆயிரும். வெளிய பாத்தா ஒண்ணுந் தெரியாது."

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கைவைத்தியம் ஜன்னல் கம்பிக்கும் நடக்கும், சைக்கிள் கேரியருக்கும் நடக்கும். அதற்கெல்லாம் தேவையே இல்லை. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் நேசமணி, நாகர்கோவில்காரர், வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, கம்பிக்கும் நாடி பாக்கியளே, காய்ச்சலா சன்னியா?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். வன்னியபெருமாளும் சிரிப்பார். ஆனால் யாராவது, "வேலைன்னா இவர்தான் வேலைக்காரர்" என்று பாராட்டிவிட்டால் போச்சு. ஏதோ மறந்ததுபோல எழுந்து உள்ளே போய்விடுவார். பாராட்டியவர் வெளியேறிய பிறகுதான் திரும்பி வருவார்.

அவர் எதற்காக உள்ளே போகிறார் என்பது நேசமணிக்குத் தெரியாது. சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்து கூடவே வந்த மனைவிக்கும் தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நான்காம் வருஷம், இந்த மனிதர் வேறு மாதிரி இருந்தார். சட்டைப் பையில் குதிரை லாட வடிவத்தில் ஒரு காந்தம் கிடக்கும். எந்தத் தகட்டைக் கண்டாலும் அதை வைத்துக் காட்டுவார். "ஒட்டிச்சின்னா சாதா இரும்பு, ஒட்டலேன்னா அசல் மாங்கனீஸ். காந்தம் பொய் சொல்லாது" என்று கூட்டத்தைப் பார்த்து முழங்குவார். அப்பேர்ப்பட்ட காலத்தில்தான் நெடுமங்காட்டு வழியில் குவாரி வைத்திருந்த ஸ்ரீகண்டன் முதலாளி ஜீப்பில் ஒரு தாடைத் தகட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, மற்றவன் மூணு திவசம் கேட்டான். எனிக்கு நாளெ காலத்து மிஷின் ஓடணும். பற்றுமோ?"

"பொழுது சாயதுக்குள்ள தாரேன்" என்றார் வன்னியபெருமாள். ஏன் சொன்னார்? பணத்துக்கு இல்லை. மற்றவன் மூன்று நாள் என்றானே, அதற்காகத்தான். வீம்பு. அன்று மத்தியானம் முழுதும் வெல்டிங் ராடு மாற்றி ராடாகப் போட்டுத் தள்ளினார். தகடு மங்கலாகச் சிவந்துகூட நின்றது. அன்றைக்கு அவர் கை வைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தகடு யந்திரத்தின் வாய்க்குள் வெடித்து உடைந்தது. மேலே நின்று கூடையால் கல் தட்டிக்கொண்டிருந்த மாடம்மாளின் இடது கண்ணில் ஒரு துணுக்கு பாய்ந்தது. அவளும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரிதான், புருஷன் இல்லாதவள்.

குவாரிக்கு ஓடிப்போய்த் தகட்டின் உடைந்த விளிம்பைப் பார்த்ததுமே வன்னியபெருமாளுக்கு விளங்கிவிட்டது. சூடு தின்ற உருக்கு சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று கிடந்தது. "ஆருடெ தெற்று இது? ஆரு செஞ்ச தப்பு?" என்று கத்தினார் ஸ்ரீகண்டன். முப்பது பேர் சுற்றி நின்றார்கள். வன்னியபெருமாள் குனிந்து, யந்திரத்துக்கடியில் கிடந்த தூசியில் காந்தத்தைத் துழாவினார். எந்தக் குவாரித் தூசியில்தான் இரும்பு கிடைக்காது? ஒரு சம்மட்டிச் சில்லு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். "பாத்துக்கிடுங்க. தகட்டுல காந்தம் ஒட்டாது. இது ஒட்டுது. கல்லோட சம்மட்டிய உள்ள விட்டிருக்கா." அவ்வளவுதான். மாடம்மாளுக்கு வேலை போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளைக் குவாரி வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவருக்கு, சீ, நானும் ஒரு மனுஷனா என்று தோன்றியது. மறுநாள் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். மறுநாள், அடுத்த வாரம் ஆயிற்று. அடுத்த வாரம் ஒன்பது வருஷம் ஆயிற்று. காந்தம் சட்டைப் பையிலிருந்து பரண் மேலிருந்த பிஸ்கட் டின்னுக்குப் போனது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணில் கட்டுப் போட்ட யாரையாவது பார்த்துவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவார்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில், முனை மழுங்கிய ஒரு சுத்தியல் தலை. வன்னியபெருமாள் வழக்கம்போல அந்தக் கையைத்தான் பார்த்தார். கல் உடைத்துக் காய்த்த கை.

"அண்ணாச்சி, என்னத் தெரியுதா? மாடம்மா. ஸ்ரீகண்டன் மொதலாளி குவாரில கூடை தட்டுனவ."

அவர் சுத்தியல் தலையையே பார்த்தார்.

"இப்ப ரோட்டோரம் கையால ஜல்லி ஒடைக்கேன். மிஷின் பக்கம் ஒருத்தரும் சேக்க மாட்டேங்காவ, சம்மட்டிய உள்ள விட்டவன்னு பேராயிப்போச்சில்லா. இதுக்குக் கொஞ்சம் கெட்டி ராடு வச்சித் தாங்க." அவள் சுத்தியலை நீட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். என்னால ஒங்க தகடு போச்சி. மொதலாளி ஒங்களயும் ஏசியிருப்பாரு. மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி."

"நீ... சம்மட்டிய விட்டியா?"

"நெனப்பில்ல. மொதல்ல, நான் விடல்ல விடல்லன்னுதான் அழுதேன். பெறவு எல்லாரும் சொன்னாவ, நீங்க காந்தம் வச்சிக் காட்டுனீயன்னு. காந்தம் பொய் சொல்லுமா? நாந்தான் அசந்திருப்பேன்."

அவர் சுத்தியல் தலையை வாங்கிக் குறட்டில் பிடித்தார். ஒரு விரல் நீளம் போட்டார். நிறுத்தினார். அந்தச் சுத்தியல் சாதா இரும்பு. கை வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார்.

அவளுக்குப் பேசுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம். "கண்ணாஸ்பத்திரில பெரிய டாக்டரு காந்தம் வச்சித்தான் எடுக்கப் பாத்தாரு. இரும்புன்னா தானா வந்துரும்னாரு. இது அசையவேயில்ல. கடைசில கண்ணத் தோண்டித்தான் எடுத்தாவ. என்ன பிடிவாதம் பாருங்க சம்மட்டித் துண்டுக்கு!" இடுப்பிலிருந்து ஒரு காலித் தைல டப்பியை எடுத்துத் திறந்து பட்டறை மேஜைமேல் வைத்தாள். உள்ளே பஞ்சில், அரிசி நீளத்துக்கு ஒரு துணுக்கு. "தூரப் போட மனசு வரல. இனிமேலாவது கவனமா இருக்கணும்லா, அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லாமல் இருந்துவிட்டால் இனிமேலும் தெரியப்போவதில்லை. ஒன்பது வருஷம் மூடி வைத்த வாயை இன்னும் கால் மணி நேரம் மூடி வைத்தால் போதும். சுத்தியலை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுக்கூடப் போய்விடுவாள். கும்பிடுவாள் என்று நினைத்ததும்தான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வேலையை முடித்தார். சுத்தியலைத் தண்ணீரில் முக்காமல் ஆறவிட்டார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். காந்தத்தை எடுத்து அவளுடைய சுத்தியலின் அருகில் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா? சம்மட்டின்னா இப்படித்தான் புடிக்கும்."

"ஆமா" என்றாள் மாடம்மாள், ஒன்றும் விளங்காமல்.

காந்தத்தைப் பிய்த்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். தைல டப்பியை அவள் பக்கமாக நகர்த்தினார். "இப்ப இதுல வச்சிப் பாரு தாயி" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல உள்ளே போகாமல், முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.